திருச்சிக்கு ஒரு நாள் போதுமா? வெளியூர் நண்பருக்கு ஊரைக் காட்டுவது பற்றி

கேள்வி: 19 ஜூலை 2025

கூடப் படித்த நண்பன் ஆகஸ்ட் கடைசியில் பெங்களூரிலிருந்து வருகிறான். மூன்று நாள் இருப்பான். மலைக்கோட்டை, ஸ்ரீரங்கம், கல்லணை, அவ்வளவுதான் திருச்சி. கார் வைத்தால் ஒரே நாளில் முடிந்துவிடும், மீதி நாளுக்குக் கொடைக்கானல் கூட்டிப் போ என்கிறார்கள் வீட்டில். இங்கேயே பிறந்து வளர்ந்தும் எனக்கு வேறு இடம் தோன்றவில்லை. உண்மையிலேயே அவ்வளவுதானா?

19 ஜூலை 2025, இரவு

இடம் அந்த மூன்றாகவே இருக்கட்டும். எந்த நேரத்துக்குப் போகிறீர்கள் என்பதுதான் கேள்வி.

கார் வைத்து ஒரே நாளில் முடிப்பவர்கள் எப்படியும் பதினொன்றரை மணிக்கு மலைக்கோட்டை அடிவாரத்தில் இறங்குவார்கள். செருப்பைக் கீழே விட்டுவிட்டு ஏறினால் உள்ளே மூடிய படிகள் வரை சரி. கடைசியில் திறந்த பாறை வரும்போது கால் வெந்துவிடும். மூச்சு வாங்க இறங்கி வந்தால் தாயுமானவர் சன்னதி நடை சாத்தியிருக்கும். அப்புறம் சாப்பாடு, அப்புறம் ஸ்ரீரங்கத்தில் வரிசை, இருட்டிய பிறகு கல்லணை. இப்படிப் பார்த்தால் எந்த ஊரும் ஒரு நாள்தான்.

நான் ஸ்ரீரங்கத்துக்காரி. போன ஆண்டு ஆகஸ்டில் புனேயிலிருந்து என் தோழி வந்திருந்தாள். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. அவளைக் கூட்டிக்கொண்டு சுற்றியதை வைத்துத்தான் சொல்லப் போகிறேன். நாளை காலையிலிருந்து தொடங்குகிறேன்.

20 ஜூலை 2025, காலை

சென்னை வழியாக வருகிறவர்களுக்கு மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் நல்லது. விடியும் முன் கொண்டு வந்து இறக்கிவிடும். வீட்டுக்கு வந்து தூங்க விடாதீர்கள். ஒரு காபி கொடுத்து நேரே ஸ்ரீரங்கம் சாத்தார வீதி பூ மார்க்கெட்டுக்குக் கூட்டிப் போங்கள்.

எட்டரை, கோப்பு என்ற ஊர்களின் பக்கமிருந்து மூட்டை மூட்டையாகப் பூ வந்து இறங்கும் நேரம் அது. என் தோழி ஒரு அக்கா பக்கத்தில் நின்றவள் நகரவே இல்லை. நனைத்த வாழை நார் இடது கைக் கட்டைவிரலில் சுற்றியிருக்கிறது. இரண்டு மல்லி இந்தப் பக்கம், இரண்டு மல்லி அந்தப் பக்கம், நாரை ஒரு சுற்று, உள்ளே விட்டு ஒரு இழுப்பு. அடுத்த நாலு பூ அதற்குள் விரலுக்கு வந்துவிடுகிறது. அக்கா பூவைப் பார்ப்பதே இல்லை. எதிர்க்கடைக்காரரோடு விலைச் சண்டை போட்டுக்கொண்டே கட்டுகிறார். இவள் வாய் பிளந்து நிற்பதைப் பார்த்து, "குனிம்மா பாப்பா, நானே வெச்சு விடுறேன்" என்று தலையில் ஒரு முழம் வைத்துவிட்டார். காசு வாங்க மறுத்துவிட்டார். புனேயிலும் கஜ்ரா என்று பூச்சரம் உண்டு, ஆனால் கட்டுகிற கையை இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை என்றாள்.

அங்கிருந்து ராஜகோபுரத்தைத் தாண்டித் தெற்கே நடந்தால் அம்மா மண்டபம். குளிக்காவிட்டாலும் படித்துறையில் உட்கார வேண்டும். காலையில் காவிரிக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் காரியம் செய்ய வந்தவர்கள், மீதிப் பேர் முழுக்குப் போட வந்தவர்கள். வெளியூர்க்காரர்களுக்கு முதலில் ஒரு மாதிரி இருக்கும். விளக்க வேண்டாம், அவர்களே கேட்பார்கள்.

20 ஜூலை 2025, மதியம்

எப்படிப் போவது என்று எழுத விட்டுப்போனது. ஒன்றாம் நம்பர் பஸ். மத்திய பேருந்து நிலையம், சத்திரம் பேருந்து நிலையம், காவிரிப் பாலம், திருவானைக்கா, ஸ்ரீரங்கம். ஊரின் முதுகெலும்பு இந்தத் தடம்தான். இந்த வாரம் வெளியூர் பஸ்கள் பெரும்பாலும் பஞ்சப்பூர் முனையத்துக்கு மாறிவிட்டன. பஸ்ஸில் வருகிற நண்பரிடம் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பழைய நினைப்பில் மத்திய பேருந்து நிலையத்தில் போய் நின்று தேடாதீர்கள்.

பெண்கள் என்றால் அரசு சாதாரண டவுன் பஸ்ஸில் கட்டணம் கிடையாது, எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும் சரி. என் தோழி பணத்தை நீட்ட, கண்டக்டர் கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்துக் கையில் கொடுத்தார். அதைப் பத்திரமாகப் பர்ஸில் வைத்துக்கொண்டாள். தனியார் டவுன் பஸ்ஸில் காசு கொடுக்கத்தான் வேண்டும், ஆனால் பாட்டு உண்டு. ஒரு தடவையாவது அதிலும் ஏற்றிவிடுங்கள், ஜன்னலோரம்.

22 ஜூலை 2025

திருவானைக்காவைப் பலரும் ஸ்ரீரங்கம் போகிற வழியில் எட்டிப் பார்க்கிற கோயிலாக வைத்திருக்கிறார்கள். எனக்கு அது வருத்தம். பகல் பன்னிரண்டுக்கு முன்னால் அங்கே இருங்கள். மற்ற கோயில்களில் நடை சாத்துகிற அந்த நேரத்தில்தான் இங்கே முக்கியமான காரியம் நடக்கிறது.

உச்சிக்கால பூஜைக்கு அகிலாண்டேசுவரி சன்னதியிலிருந்து அர்ச்சகர் புடவை உடுத்தி, கிரீடம் வைத்துக்கொண்டு, மேளதாளத்தோடு சுவாமி சன்னதிக்கு வருவார். அம்பாளே நேரில் வந்து ஜம்புகேசுவரரைப் பூஜிப்பதாக ஐதீகம். அடுத்து கோபூஜை. அம்பாள் இங்கே மாணவி, சுவாமி குரு; அதனால்தான் இந்தக் கோயிலில் திருக்கல்யாணம் கிடையாது. பஞ்சபூதத் தலங்களில் இது நீர்த்தலம். கருவறையில் லிங்கத்தைச் சுற்றித் தண்ணீர் ஊறும். ஒன்பது துளை உள்ள சாளரம் வழியாகத்தான் பார்க்க வேண்டும்.

என் தோழி கோயிலுக்கு அதிகம் போகாதவள். தூணோரம் நின்று முழுதும் பார்த்தாள். வெளியே வந்ததும், "அந்தப் பெரியவர் நடந்த நடை மாறிவிட்டது, கவனித்தாயா?" என்று கேட்டாள். சின்ன வயதிலிருந்து பார்த்து வந்த எனக்கு அது கண்ணில் பட்டதில்லை. அவர் நிஜமாகவே அடியை அளந்து வைத்துத்தான் வருகிறார். நாலு தெரு தள்ளி இருக்கிற எனக்கு இதைச் சொல்ல புனேயிலிருந்து ஆள் வர வேண்டியிருந்தது. நண்பரைக் கூட்டிக்கொண்டு சுற்றுவதில் நமக்குக் கிடைப்பது இதுதான்.

பூஜை முடிந்தால் பசிக்கும். பக்கத்திலேயே பார்த்தசாரதி விலாஸ். நெய் ரோஸ்ட். வேறு எதுவும் சொல்ல வேண்டாம்.

23 ஜூலை 2025

மேலே எழுதியதற்கு ஒரு சேர்க்கை. இது ஆடி மாதம். வெள்ளிக்கிழமை திருவானைக்காவில் அகிலாண்டேசுவரியைப் பார்க்க ஊரே திரண்டு வரும். தூணோரம் நின்று பார்ப்பதெல்லாம் அன்று நடக்காது. கூட்டமே பார்க்க வேண்டும் என்றால் வெள்ளி, பூஜை பார்க்க வேண்டும் என்றால் செவ்வாய், வெள்ளி, ஞாயிறு தவிர்த்து மற்ற நாள்.

27 ஜூலை 2025

மலைக்கோட்டைக்கு என் கணக்கு: சாயங்காலம் ஐந்து மணிக்கு ஏறத் தொடங்குவது. நானூறுக்கும் மேல் படி. அவசரப்படாதீர்கள், வழியில் நிற்க வேண்டிய இடங்கள் இரண்டு உண்டு.

முதலாவது தாயுமானவர். பிரசவத்துக்கு நின்ற ரத்தினாவதிக்குத் துணையாகத் தாய் வர வேண்டும். காவிரியில் வெள்ளம், தாயால் அக்கரையிலிருந்து வர முடியவில்லை. சிவனே தாய் உருவில் வந்து பிரசவம் பார்த்தார் என்பது கதை. இன்றும் சுகப்பிரசவம் வேண்டி வாழைத்தார் கொண்டு வந்து வைக்கிறார்கள். ஆறு குறுக்கே நிற்பதுதான் கதையின் உயிர். பாலம் இல்லாத காலத்தில் வெள்ளம் வந்தால் மகள் ஒரு கரை, தாய் ஒரு கரை என்று நின்றவர்கள் சொன்ன கதை.

இரண்டாவது, மேலே ஏறும் வழியில் மகேந்திரவர்ம பல்லவனின் குடைவரை, 7-ஆம் நூற்றாண்டு. கங்காதரர் சிற்பம் இருக்கிறது. கங்கையைச் சடையில் தாங்கி நிற்கும் சிவன். அங்குள்ள கல்வெட்டுப் பாட்டில் ஒரு அழகான கற்பனை: காவிரியைக் கண்டு சிவன் மயங்கிவிடுவாரோ என்று பார்வதிக்குப் பயம். பிறந்த வீட்டை விட்டு இந்த மலையிலேயே வந்து தங்கி, இந்த ஆறு பல்லவனுக்கு உரியவள் என்று சொல்கிறாளாம். ஆயிரத்து நானூறு வருடத்துக்கு முன்னால் ஒருவர் இங்கே நின்று கீழே ஆற்றைப் பார்த்திருக்கிறார். இது தெரிந்த பிறகு உச்சிக்கு ஏறிக் காவிரியைப் பார்த்தால் பார்வையே வேறு.

உச்சிப் பிள்ளையாரைக் கும்பிட்டு வடக்குப் பக்கம் நில்லுங்கள். காவிரி, தென்னைக்கு நடுவே திருவானைக்கா, ராஜகோபுரம், அதற்கப்பால் கொள்ளிடம். ஸ்ரீரங்கம் தீவு என்று பாடத்தில் படித்தது அங்கே நின்றால்தான் கண்ணுக்குப் புரியும். இருட்டுவதற்குள் இறங்கி, சின்னக்கடை வீதி, தெப்பக்குளம், மெயின்கார்டு கேட் பக்கம் மைக்கேல் ஐஸ்கிரீம். காலேஜ் படிக்கிற பிள்ளைகளோடு இடித்துக்கொண்டு நின்று சாப்பிடுங்கள். பர்மா பஜார், நகைக்கடைகள் எல்லாம் என்னைக் கேட்டால் வேண்டாம்.

28 ஜூலை 2025

"ராஜகோபுரத்தைப் பற்றி ஒரு வரி கூட இல்லையே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சரி. 236 அடி, 13 நிலை, குடமுழுக்கு 25 மார்ச் 1987. வெளியூர் நண்பர்கள் அதைத்தான் மிகப் பழையது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அடித்தளம் விஜயநகரக் காலத்தது, மேலே எழும்பாமல் நானூறு வருடம் மொட்டைக் கோபுரமாக நின்றது. என் அம்மாவுக்கு அந்த மொட்டைக் கோபுரம்தான் ஊர் அடையாளம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களையே சொல்லச் சொல்லுங்கள். கோயிலுக்குள் துலுக்க நாச்சியாரைக் காட்டாமல் திரும்பாதீர்கள். டில்லியிலிருந்து பெருமாளைத் தேடி வந்த சுல்தான் மகள். அவளுக்காகப் பெருமாளுக்கு ரொட்டி நைவேத்தியம், கைலி கட்டுவதும் உண்டு. வடக்கேயிருந்து வந்த என் தோழிக்கு அந்தச் சன்னதியை விட்டு வர மனமில்லை.

3 ஆகஸ்ட் 2025, ஆடி 18

இப்போதுதான் அம்மா மண்டபத்திலிருந்து வந்தேன். கூட்டம் சொல்லி மாளாது. வெற்றிலை பாக்கு, பழம், காதோலை கருகமணி, மஞ்சள் கயிறு வைத்துப் படையல். புதுப் பெண்கள் கல்யாண மாலையை ஆற்றில் விட்டார்கள். மூன்று தலைமுறை ஒரே படியில் உட்கார்ந்து ஒருவர் கழுத்தில் ஒருவர் மஞ்சள் கயிறு கட்டிவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்து சித்திரான்னம்: எலுமிச்சை, தேங்காய், புளி, தயிர்.

தண்ணீர் ஓடுகிற ஆறாக இருப்பதே இதற்கெல்லாம் ஆதாரம். மேட்டூர் அணை திறக்கிற வழக்கமான நாள் ஜூன் 12. இந்த ஆண்டு அன்றே திறந்தார்கள். போன ஆண்டு ஜூலை 28 வரை திறக்கவில்லை. ஏப்ரல், மே மாதம் நண்பரைக் கூட்டி வந்தால் காவிரிப் பாலத்திலிருந்து மணல்தான் தெரியும். அதுவும் இந்த ஊர்தான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரே ஒரு தடவை வருகிறவர் என்றால் ஆடி, ஆவணியில் வரச் சொல்லுங்கள்.

சாயங்காலக் காவிரிப் பாலம். நடைபாதையில் நின்று காற்று வாங்குவதற்கென்றே ஊர்க்காரர்கள் வருகிறார்கள். தெற்கே மலைக்கோட்டை விளக்கு, வடக்கே ராஜகோபுர விளக்கு. பக்கத்தில் புதுப் பாலம் எழும்பிக்கொண்டிருக்கிறது. சுண்டல் வாங்கிக்கொண்டு நில்லுங்கள். பேச வேண்டியதைப் பேசுவதற்கு இதைவிட நல்ல இடம் இந்த ஊரில் கிடையாது. என் தோழி தன் வீட்டுப் பிரச்சினையை அங்கே நின்றுதான் எனக்குச் சொன்னாள்.

5 ஆகஸ்ட் 2025

கல்லணைக்குத் தஞ்சாவூர் நெடுஞ்சாலையில் போய்த் திரும்புங்கள், வேகம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வேகம் உண்மைதான். நான் திருவானைக்காவிலிருந்து உத்தமர்சீலி வழியாகப் போகச் சொல்வேன். ஒரு பக்கம் காவிரி, ஒரு பக்கம் கொள்ளிடம், நடுவே வாழை. பைக் இருந்தால் பைக்.

அதற்கு முன்னால் முக்கொம்பு பார்க்க வேண்டுமா? வேண்டாம், பூங்காதானே என்று நினைத்திருந்தேன். இப்போது வேண்டும் என்கிறேன். கல்லணையில் நின்று என் தோழி, "ஆறு பிரிகிற இடம் எங்கே?" என்றாள். பிரிவது முக்கொம்பில். அங்கே கொள்ளிடம் தனியாகப் போகிறது. இரண்டும் ஸ்ரீரங்கத்தைச் சுற்றி வந்து கல்லணை அருகே மீண்டும் நெருங்குகின்றன. அங்கே கொள்ளிடத்தின் படுகை தாழ்வு, காவிரியின் படுகை மேடு. தடுக்காவிட்டால் காவிரித் தண்ணீர் முழுதும் கொள்ளிடத்தில் விழுந்து கடலுக்குப் போய்விடும், தஞ்சாவூர் வயலுக்கு ஒன்றும் வராது. கரிகாலன் அணை அந்த இடத்தில் வந்ததற்குக் காரணம் அதுதான்.

மணலில் பெரிய பாறைகளை இறக்கி, அவை புதையப் புதைய மேலே மேலே போட்டுக் கட்டிய அடித்தளம். 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் இதைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, 1836-இல் முக்கொம்பு மேலணையைத் தொடங்கினார். அப்போது கொள்ளிடம் பக்கம் தண்ணீர் அதிகம் சாய்ந்து காவிரி மண்மேடிட்டு வந்தது. அந்த மேலணையின் கொள்ளிடக் கதவுகளில் ஒன்பது 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போயின. பிறகு புதிதாகக் கட்டினார்கள். காலையில் முக்கொம்பு, சாயங்காலம் கல்லணை என்று வைத்துக்கொண்டால் இந்தக் கதை முழுதாகக் கண்முன் விரியும். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நாலு பக்கம் தண்ணீர் பிரிவதை நின்று பாருங்கள். மீன் வறுவல் கட்டாயம். ஆற்றில் இறங்க வேண்டாம், மதகுக்குப் பக்கத்தில் சுழல் இருக்கும்.

10 ஆகஸ்ட் 2025

தஞ்சாவூர் சேர்க்கலாமா என்று கேட்டவருக்கு: ஒரு நாள் ஒதுக்குங்கள், ரயிலில் போங்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். நாங்கள் போனபோது சம்பாவுக்கு நாற்று விட ஆரம்பித்திருந்தார்கள்.

பெரிய கோயிலில் எல்லோரும் விமானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு வருவார்கள். என் தோழிக்காகத் திருச்சுற்றின் தென்மேற்கு மூலைக்குப் போனேன். அங்கே சுவரில் போன்ஸ்லே வம்சத்தின் வரலாறு மராத்தியில் பொறித்திருக்கிறது, சரபோஜி காலம், 1803. சிவாஜியின் தம்பி வெங்கோஜி 1676-இல் தஞ்சாவூரைப் பிடித்ததிலிருந்து 1855 வரை மராத்தியர் ஆட்சி. இது எனக்கு வெறும் பரீட்சைக் கேள்வியாக இருந்தது. அவள் விரலை வைத்து எழுத்துக் கூட்டி, தெரிந்த பெயர்களைச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்துவிட்டாள். பக்கத்தில் ஒரு பெரியவர், "என்னம்மா எழுதியிருக்கு?" என்று கேட்க, அவள் சொல்ல, நான் தமிழில் சொல்ல, சின்னக் கூட்டமே கூடிவிட்டது. திருச்சியில் நான் அவளுக்குக் காட்டினேன். அங்கே அவள் எங்களுக்குக் காட்டினாள்.

வருகிற நண்பருக்கு உரியது இந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று முதலில் யோசியுங்கள். ரயில்வேக்காரர் என்றால் பொன்மலைப் பணிமனை. நீலகிரி மலை ரயிலுக்கு நீராவி எஞ்சினே கட்டிக் கொடுத்த இடம். ஞாயிற்றுக்கிழமை பொன்மலைச் சந்தையும் உண்டு. நெசவில் ஆர்வம் என்றால் உறையூர். அங்கேயே கூரை இல்லாமல் வானம் பார்த்து உட்கார்ந்திருக்கும் வெக்காளியம்மன். அவளிடம் குறையைச் சீட்டில் எழுதிக் கட்டுகிறவர்களைப் பார்க்கலாம்.

17 ஆகஸ்ட் 2025

கேள்வி கேட்டவரின் நண்பர் 26-ஆம் தேதி வருகிறாராம். 27 பிள்ளையார் சதுர்த்தி! நான் சொன்ன மலைக்கோட்டை நேரத்தை அன்றைக்கு மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள், காலையிலேயே போங்கள். மொத்தம் 150 கிலோ கொழுக்கட்டை. பாதி கீழே மாணிக்க விநாயகருக்கு, பாதி உச்சிப் பிள்ளையாருக்கு. மேலே போக வேண்டியதைத் தூளி கட்டித் தோளில் சுமந்து அத்தனை படியும் ஏற்றுவார்கள். படியோரம் ஒதுங்கி நின்று அதைப் பார்த்தாலே போதும்.

வயதானவர்கள் கூட வந்தால் அன்று வேண்டாம். பொதுவாகவே பஸ், நடை என்று நான் எழுதியதெல்லாம் முட்டி நன்றாக இருப்பவர்களுக்கு. அம்மா, அப்பாவோடு என்றால் ஆட்டோ பேசிக்கொள்ளுங்கள், ஒரு நாளைக்கு இரண்டு இடத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

31 ஆகஸ்ட் 2025

நல்லபடியாக முடிந்தது என்று எழுதியிருக்கிறார். தூளியைப் பார்த்தார்களாம், காவிரிப் பாலத்தில் போலீஸ்காரர் நகரச் சொல்லும்வரை நின்றார்களாம், கொடைக்கானல் போகவில்லை. நண்பருக்கு மிகவும் பிடித்தது தனியார் பஸ் பாட்டாம். மகிழ்ச்சி. நெய் ரோஸ்டை ஏன் சொல்லவில்லை?

14 செப்டம்பர் 2025

வைகுண்ட ஏகாதசிக்கு நண்பர்களை வரச் சொல்லலாமா என்று ஒருவர். இந்த ஆண்டு டிசம்பர் 30. சொர்க்கவாசல் திறப்பைத்தான் பார்க்க வேண்டும் என்றால் விடிய விடிய வரிசையில் நிற்கத் தயாராக வரட்டும். நானாக இருந்தால் அதற்கு முந்தைய பகல்பத்து நாட்களில் ஒரு நாளைச் சொல்வேன். உற்சவர் நம்பெருமாளின் அலங்காரத்தை நிதானமாகப் பார்க்கலாம், பாசுரங்களை அபிநயத்தோடு பாடும் அரையர் சேவை கேட்கலாம், சித்திரை வீதியில் வாசல் வாசலாக மார்கழிக் கோலம். எதுவானாலும் ரூமை இப்போதே போட்டுவிடுங்கள். நவம்பரில் தேடினால் ஸ்ரீரங்கத்துக்குள் கிடைக்காது, சத்திரம் பக்கம்தான் தங்க வேண்டியிருக்கும். அப்படித் தங்கினாலும் ஒன்றாம் நம்பர் இருக்கிறது.